பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் நீர்க்கட்டி: அளவைவிட இடத்தைப் பாருங்கள்

ஐந்தாம் மாத ஸ்கேனிலோ எட்டாம் மாத ஸ்கேனிலோ "கருவின் வலது மேல்வயிற்றில் நீர்க்கட்டி" என்று ஒரு வரி வந்துவிட்டால், வீட்டில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "எவ்வளவு பெரிசு?" என்பதுதான். குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரான நான் அந்த ரிப்போர்ட்டில் முதலில் தேடுவது வேறு. கட்டி கல்லீரலின் எந்த இடத்தில் இருக்கிறது? பித்தப்பை தெரிகிறதா? பித்தநாளத்தோடு கட்டிக்குத் தொடர்பு உண்டா? கல்லீரலின் ஓரத்தில் இருக்கும் 7 செ.மீ. கட்டி எந்தத் தொந்தரவும் தராமல் வருடக்கணக்கில் அப்படியே இருக்கலாம், சுருங்கியும் போகலாம். பித்தநாளம் வெளியேறும் கல்லீரல் வாசலில் ஒன்றரை செ.மீ. அளவுக்கு இருக்கும் கட்டி, சரியான நேரத்தில் கவனிக்காவிட்டால் கல்லீரலையே அழித்துவிடலாம். பெரிய கட்டியைப் பார்த்துத்தான் எல்லோரும் பயப்படுகிறார்கள். காலக்கெடு இருப்பது பெரும்பாலும் சிறியதற்கு.

ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு தூங்காமல் இருக்கும் பெற்றோருக்காகவும், அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய இளம் மருத்துவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

பிறப்பதற்கு முன்

முதல் வேலை, அது கல்லீரலில்தான் இருக்கிறதா என்று உறுதி செய்வது. கருவின் வயிறு மிகச் சிறியது. பக்கத்து உறுப்பிலிருந்து வரும் கட்டியும் கல்லீரலில் இருப்பதுபோல் தெரியும். பெண் குழந்தை என்றால் சினைப்பைக் கட்டி மேலே ஏறி கல்லீரலுக்குக் கீழே வந்து நிற்கலாம். பெரிய கட்டியின் உட்சுவரில் இன்னொரு குட்டிக் கட்டி ஒட்டியிருந்தால் அது சினைப்பையைச் சேர்ந்தது என்பதற்கு நல்ல அடையாளம். சுவர் இரண்டு அடுக்காகத் தெரிந்தால் அது குடலிலிருந்து வந்த கட்டி. சிறுநீரகம் வீங்கியிருந்தாலும், அதன் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பியில் இரத்தம் கசிந்திருந்தாலும் இதே இடத்தில் கருப்பு வட்டமாகத் தெரியும்.

இன்னொன்று மிக முக்கியம்: கலர் டாப்ளர் போடாமல் எதையும் நீர்க்கட்டி என்று முடிவு கட்டக் கூடாது. தொப்புள் சிரை கல்லீரலுக்குள் நுழையும் இடத்தில் புடைத்திருந்தாலும் அது அச்சாக நீர்க்கட்டி மாதிரியே இருக்கும். டாப்ளர் போட்டால் உள்ளே இரத்தம் ஓடுவது தெரிந்துவிடும்.

கட்டி உறுதியானபின் மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் போதும். கட்டி வளர்கிறதா, பனிக்குடநீர் அதிகமாகிறதா, கருவின் வயிற்றிலோ நெஞ்சிலோ தோலுக்கடியிலோ நீர் சேர்கிறதா என்று பார்ப்போம். இந்த மூன்றாவது நிலை அபூர்வம். கட்டி பெரிய சிரைகளை அழுத்துகிறது என்று பொருள். அப்படிப்பட்ட சூழலில்தான் கருவிலேயே ஊசி போட்டு நீரை எடுப்பது பற்றிப் பேசுவோம். எடுத்த நீர் பல சமயம் திரும்பச் சேரும் என்பதையும் பெற்றோரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும்.

பெரும்பாலான குழந்தைகள் சுகப்பிரசவத்தில் பிறக்கலாம். வயிறு பிரசவப் பாதையில் தட்டும் அளவுக்கு, அல்லது கட்டி உடையும் அபாயம் இருக்கும் அளவுக்குப் பெரிதாக இருந்தால்தான் சிசேரியன். கட்டி இருக்கிறதே என்ற பதற்றத்தில் நாள் நிறைவதற்கு முன்பே குழந்தையை எடுப்பதால் எந்த லாபமும் இல்லை. பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவும் குழந்தைகள் அறுவை சிகிச்சை மருத்துவரும் உள்ள இடத்தில் பிரசவம் நடக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

தாய்மார்கள் என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: நான் சாப்பிட்ட ஏதாவதால் வந்ததா? இல்லவே இல்லை. எளிய நீர்க்கட்டி, கல்லீரல் உருவாகும்போது ஒரு நுண்ணிய பித்தக்குழாய் மற்றவற்றோடு சேராமல் தனியே தங்கி, அதன் உட்சுவர் நீரைச் சுரந்துகொண்டே இருப்பதால் வருவது. தாயின் உணவும் வேலையும் தூக்கமும் அதற்குக் காரணமில்லை.

பிறந்த முதல் நாட்கள்

குழந்தை நன்றாக மூச்சு விடுகிறது, பால் குடிக்கிறது, வயிறு மெத்தென்று இருக்கிறது என்றால் தாயோடு இருக்கட்டும். கட்டி இருப்பதற்காக மட்டும் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைக்க வேண்டியதில்லை. வயிற்றை மாறி மாறி அழுத்திப் பார்ப்பதை நான் அனுமதிப்பதில்லை. ஒருவர் ஒருமுறை மெதுவாகத் தொட்டுப் பார்த்துக் குறித்து வைத்தால் போதும்.

மிகப் பெரிய கட்டி உதரவிதானத்தை மேலே தள்ளினால் மூச்சு வேகமாகும். அப்போது தலைப்பக்கத்தை உயர்த்தி, மூக்கு வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைக் காலி செய்தாலே பல குழந்தைகளுக்கு நிம்மதி கிடைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் ஸ்கேன் பார்த்துக்கொண்டே ஊசியால் கொஞ்சம் நீரை எடுத்துவிடலாம். அது நேரம் வாங்கித் தரும் உதவி. முடிவான சிகிச்சை ஆகாது.

வைட்டமின் கே ஊசி தவறவே கூடாது. பித்தம் குடலுக்கு வராத குழந்தைக்கு இந்த வைட்டமின் உணவிலிருந்து சேராது. இரத்தம் உறையாமல் மூளைக்குள் கசிவு ஏற்பட்டு, அதன் மூலமே நோய் வெளிப்பட்ட குழந்தைகள் உண்டு.

முதல் இரத்தப் பரிசோதனையில் காமாலையின் மஞ்சள் நிறமியான பிலிருபினின் மொத்த அளவோடு, பித்தம் வெளியேறாவிட்டால் கூடும் டைரக்ட் பிலிருபினும் தனியாக வேண்டும். கூடவே கல்லீரலின் நிலையைக் காட்டும் காமா ஜிடி, ஏஎல்டி, இரத்தம் உறையும் நேரம், முழு இரத்த எண்ணிக்கை. கட்டியில் திடமான பகுதி ஏதாவது இருந்தால் சில கல்லீரல் புற்றுகளில் கூடும் ஆல்ஃபா ஃபீட்டோ புரோட்டீனும் பார்ப்போம். அந்த எண் வந்ததும் யாரும் அலறிவிடக் கூடாது. நிறைமாதக் குழந்தைக்குப் பிறக்கும்போதே அது ஒரு மில்லிலிட்டருக்கு 50,000 நானோகிராம் அளவில் இருப்பது சாதாரணம். குறைமாதக் குழந்தைக்கு அதைவிட அதிகம். ஏறக்குறைய ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை பாதியாகி, பெரியவர்களின் அளவுக்கு வர எட்டு மாதம் முதல் ஒரு வருடம் ஆகும். பெரியவர்களுக்கான நார்மல் அளவோடு ஒப்பிட்டுப் புற்றுநோய் என்று பெற்றோரைக் கலங்கடித்த ரிப்போர்ட்டுகளைப் பார்த்திருக்கிறேன். வயதுக்கேற்ற அட்டவணையோடு ஒப்பிடுங்கள். இரண்டு வாரம் கழித்து மறுபடி எடுத்து, இறங்குகிறதா என்று பாருங்கள்.

ஸ்கேனில் என்ன கேட்க வேண்டும்

பிறந்து இரண்டு மூன்று நாட்களுக்குள் ஒரு முழுமையான வயிற்று அல்ட்ராசவுண்ட் எடுக்க வேண்டும். பால் கொடுத்து மூன்று நான்கு மணி நேரம் கழித்து எடுத்தால்தான் பித்தப்பை நிறைந்து தெரியும். பாப்பா பசியில் அழும். அந்த அழுகையைப் பொறுத்துக்கொள்ளுங்கள். பால் குடித்த உடனே எடுத்த ஸ்கேனில் பித்தப்பை சுருங்கியிருந்தால், அது இயல்பாகச் சுருங்கியதா, பிறவியிலேயே சிறியதா என்று சொல்ல முடியாது. ஸ்கேன் முடிந்ததும் பால் கொடுத்து மறுபடி ஒருமுறை பார்ப்பது இன்னும் நல்லது.

"கல்லீரலில் சிஸ்ட், ஃபாலோ-அப் செய்யவும்" என்று மட்டும் எழுதிவரும் தாளை நான் ரிப்போர்ட்டாக எடுத்துக்கொள்வதில்லை. மூன்று பக்க அளவுகளும் வேண்டும். எந்தப் பகுதி என்று தெரிய வேண்டும். சுவர் மெல்லியதா தடிப்பா, உள்ளே தடுப்புகள் உண்டா, நீர் தெளிவா கலங்கலா, டாப்ளரில் ஓட்டம் உண்டா என்று இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாகப் பித்தப்பையின் நீளமும் வடிவமும், கல்லீரலுக்குள் இருக்கும் பித்தக்குழாய்கள் விரிந்திருக்கின்றனவா என்பதும், கட்டிக்கும் கல்லீரல் வாசலுக்கும் உள்ள தூரமும் வேண்டும். இரண்டு சிறுநீரகங்களையும் பார்த்ததாக ஒரு வரி இருக்க வேண்டும்.

எளிய நீர்க்கட்டி பெரும்பாலும் வலது பக்கத்தில், பெண் குழந்தைகளிடம் கூடுதலாக வருவது. சுவர் இருப்பதே தெரியாத அளவுக்கு மெல்லிசாக, உள்ளே முழுக் கருப்பாக, தடுப்பு இல்லாமல், பித்தநாளத்திலிருந்து விலகி இருக்கும். பித்தப்பையும் நன்றாகத் தெரிந்தால் அந்தக் குழந்தையின் பெற்றோரிடம் நான் தயங்காமல் நல்ல செய்தி சொல்வேன்.

கட்டி வாசலருகே இருந்தால் அடுத்தது எம்ஆர்ஐ, அதோடு பித்தநாளங்களைக் காட்டும் எம்ஆர்சிபி. பச்சிளங்குழந்தைக்கு மயக்க மருந்து தேவைப்படுவது குறைவு: வயிறு நிறையப் பால் கொடுத்து, துணியில் இறுக்கமாகச் சுற்றி, காதுகளை மூடி உள்ளே வைத்தால் தூங்கிவிடும். ஆனால் இந்த வயதில் இயல்பான பித்தநாளமே மயிரிழை போலத்தான் இருக்கும். எம்ஆர்சிபியில் தெரியவில்லை என்பதை வைத்து மட்டும் பித்தநாளம் இல்லை என்று தீர்மானிக்க முடியாது. கதிர்வீச்சு உள்ள சிடி ஸ்கேனை, திடக்கட்டி சந்தேகம் இருந்தாலொழிய நான் கேட்பதில்லை.

வாசலில் இருக்கும் கட்டி

இங்கேதான் நிதானமாகப் படிக்க வேண்டும். கல்லீரல் வாசலில் நீர்க்கட்டி தெரிந்தால் முக்கியமாக இரண்டு நோய்களில் ஒன்றை நினைக்க வேண்டும். ஒன்று, பித்தநாளமே வீங்கியிருக்கும் கோலிடாக்கல் சிஸ்ட். மற்றது, பித்தநாளங்கள் அடைந்து அழிந்துகொண்டே போகும் பிலியரி அட்ரீசியாவின் நீர்க்கட்டி வகை. ஸ்கேனில் இரண்டும் உடன்பிறப்புகள் மாதிரி இருக்கும். போகும் பாதை முற்றிலும் வேறு.

கோலிடாக்கல் சிஸ்ட் பொதுவாகப் பெரியது, கருவிலேயே வளர்ந்துகொண்டு வரும். கல்லீரலுக்குள் இருக்கும் குழாய்கள் விரிந்திருக்கலாம், பித்தப்பை நன்றாக உருவாகியிருக்கும். பிலியரி அட்ரீசியாவின் கட்டி சிறியது, அதிகம் வளராது. பித்தப்பை சுருங்கி, ஓரங்கள் ஒழுங்கற்று, சில சமயம் தெரியாமலேயே இருக்கும். உள்ளே குழாய்கள் விரிந்திருக்காது. குடலிலிருந்து கல்லீரலுக்கு இரத்தம் கொண்டுவரும் போர்ட்டல் சிரையின் வலது கிளைக்கு முன்னால் 4 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடிப்பாக, வெள்ளையாக ஒரு நார்ப்பட்டை தெரிந்தால் சந்தேகம் வலுக்கும். கட்டி வளராமல் சிறியதாகவே இருக்கிறது என்ற செய்தி மற்ற இடங்களில் ஆறுதல். இந்த இடத்தில் ஆறுதல் கிடையாது.

இரண்டையும் பிரித்துக் காட்டும் மிக எளிய சோதனை பெற்றோரின் கையில்தான் இருக்கிறது: மலத்தின் நிறம். முதல் இரண்டு மூன்று நாள் வரும் கரும்பச்சை மலத்தை வைத்து நிம்மதி அடையாதீர்கள். அது பிறப்பதற்கு முன்பே குடலில் சேர்ந்தது. அதன்பின் மஞ்சள், பச்சை, பழுப்பு எதுவானாலும் சரி. வெள்ளை, சாம்பல், வெளிறிய களிமண் நிறம், மிக வெளுத்த மஞ்சள் ஆகியவை சரியல்ல. பிலியரி அட்ரீசியாவில் முதல் வாரங்களில் நிறம் ஓரளவு இருந்து, மெல்ல மெல்ல வெளுக்கலாம். தினமும் பார்ப்பவரின் கண்ணுக்கு அந்த மாற்றம் பிடிபடாது. அதனால் பகல் வெளிச்சத்தில், ஃபிளாஷ் போடாமல், வெள்ளைத் துணிமீது வைத்து, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். மலத்தின் நிறத்தைக் காட்டும் அட்டையைத் தைவான் 2004 முதல் நாட்டின் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுத்து, இந்த நோயைச் சீக்கிரம் பிடிக்கிறது. கூடவே சிறுநீரையும் கவனியுங்கள்: பச்சிளங்குழந்தையின் சிறுநீர் நிறமற்று இருக்க வேண்டும், துணியில் மஞ்சள் கறை பிடித்தால் சொல்லுங்கள்.

மஞ்சள் காமாலை இரண்டு வாரத்தைத் தாண்டினால் எந்தக் குழந்தைக்கும் டைரக்ட் பிலிருபின் பார்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடித்து, எல்லா வகையிலும் நன்றாக இருக்கும் குழந்தைக்கு மூன்றாம் வாரம் வரை பொறுக்கலாம் என்பார்கள். வாசலில் கட்டி உள்ள குழந்தைக்கு அந்தச் சலுகை இல்லை. நான் முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை பார்க்கிறேன். டைரக்ட் பிலிருபின் ஒரு டெசிலிட்டருக்கு 1 மி.கி.க்கு மேல் போனால், அல்லது மலம் வெளுத்தால், அதே வாரத்தில் இந்த அறுவை சிகிச்சை செய்யும் மையத்தில் குழந்தை இருக்க வேண்டும். நீல விளக்கின் கீழ் வைப்பது இந்தக் காமாலைக்குச் சிகிச்சை அல்ல. குழந்தையின் தோல் வெண்கல நிறமாக மாறுவதுதான் மிச்சம். பித்த ஓட்டத்தைக் காட்டும் ஹைடா ஸ்கேனுக்கு ஐந்து நாள் மருந்து கொடுத்துத் தயார் செய்வது வழக்கம். கட்டியும் வெளுத்த மலமும் சேர்ந்து இருக்கும் குழந்தைக்கு அந்த ஐந்து நாளை நான் செலவிடமாட்டேன்.

முடிவான பதில் அறுவை மேசையில் கிடைக்கும். பித்தப்பை வழியாகவோ கட்டி வழியாகவோ சாயம் செலுத்தி எக்ஸ்ரே எடுப்போம். மேலே கல்லீரலுக்குள் ஒழுங்கான கிளைகளும் கீழே குடலுக்கு வழியும் தெரிந்தால் கோலிடாக்கல் சிஸ்ட். கட்டியை முழுவதும் எடுத்துவிட்டு, சிறுகுடலின் ஒரு கண்ணியைக் கொண்டுவந்து பித்தநாளத்தோடு இணைப்போம். மேலே கிளைகளே இல்லாமல், அல்லது மேகம் படர்ந்ததுபோல் மங்கலாக மட்டும் தெரிந்தால் பிலியரி அட்ரீசியா. ஜப்பானிய அறுவை சிகிச்சை மருத்துவர் மோரியோ கசாய் 1959இல் வெளியிட்ட முறைப்படி, கட்டியையும் நார்ப்பகுதியையும் அகற்றி, கல்லீரல் வாசலோடு நேரடியாகக் குடலை இணைக்க வேண்டும். கட்டியில் பித்தம் இருக்கிறதே என்று கட்டியோடேயே குடலைத் தைத்துவிட்டு வரக் கூடாது என்பதை இளம் மருத்துவர்களுக்கு அழுத்திச் சொல்கிறேன்.

கசாய் அறுவை சிகிச்சை 60 நாளுக்குள் நடந்தால் பித்தம் ஓட வாய்ப்பு அதிகம். 45 நாளுக்குள் என்றால் இன்னும் நல்லது. பிறப்பதற்கு முன்பே கட்டி தெரிந்த குழந்தைக்கு முதல் நாளிலிருந்தே நமக்கு எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. "ஒரு மாதம் கழித்துப் பார்க்கலாம்" என்ற ஒரு வாக்கியத்தில் அதைத் தொலைக்கக் கூடாது. கோலிடாக்கல் சிஸ்ட் என்று உறுதியாகி, காமாலை இல்லாமல், பித்தம் தடையின்றி ஓடினால் மட்டும் சில வாரங்கள் குழந்தை எடை கூடும்வரை பொறுக்கலாம்.

எளிய நீர்க்கட்டியைக் கண்காணிப்பது

தொந்தரவு இல்லாத எளிய நீர்க்கட்டிக்குச் சிகிச்சை, தேதி குறித்துக் காத்திருப்பது. நான் ஆறாம் வாரம், மூன்றாம் மாதம், ஆறாம் மாதம், முதல் பிறந்தநாள் என்று ஸ்கேன் எடுத்து, அதன்பின் வருடம் ஒருமுறை பார்க்கிறேன். ஒரே இடத்தில், முடிந்தால் ஒரே மருத்துவரிடம் எடுங்கள். மூன்று அளவுகளையும் பெருக்கி 0.52ஆல் பெருக்கினால் கொள்ளளவு வரும். விட்டத்தை மட்டும் பார்ப்பது ஏமாற்றும்: 4 செ.மீ. கட்டி 5 செ.மீ. ஆனால் ஒரு சென்டிமீட்டர்தானே என்று தோன்றும், உள்ளே இருக்கும் நீரோ ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும். அதேசமயம் குழந்தையும் வளர்கிறது. கல்லீரலோடு சேர்ந்து கட்டியும் சற்றே கூடுவது ஆபத்தில்லை.

மூச்சுத்திணறல், திரும்பத் திரும்ப வாந்தி, எடை கூடாமை, காமாலை, வேகமான வளர்ச்சி, உள்ளே இரத்தக் கசிவு, தொற்று, காம்போடு தொங்கும் கட்டி முறுக்கிக்கொள்வது, அல்லது நோய் எதுவென்பதில் சந்தேகம்: இவற்றில் ஏதாவது இருந்தால் அறுவை சிகிச்சை. ஊசியால் நீரை மட்டும் எடுத்தால் திரும்பச் சேரும், ஏனென்றால் சுரக்கும் உட்சுவர் அங்கேயே இருக்கிறது. ஆல்கஹால் செலுத்திச் சுவரைக் கருக்குவது பெரியவர்களுக்குச் செய்வது. பித்தநாளத்தோடு தொடர்பு இருந்தால் அது பித்தக்குழாய்களை எரித்துவிடும், பச்சிளங்குழந்தைக்கு நான் அதைத் தொடுவதில்லை. நீர் தெளிவாக இருந்தால் வெளிச்சுவரை வெட்டித் திறந்துவிடுவது போதும், பெரும்பாலும் சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோப்பியிலேயே முடியும். எளிதாகப் பிரிந்து வந்தால் முழுவதும் எடுத்துவிடலாம். திறந்ததும் பச்சையாகவோ மஞ்சளாகவோ வந்தால் நிறுத்தி, பித்தக் கசிவு எங்கிருந்து என்று கண்டுபிடித்த பிறகே மேலே போக வேண்டும். வெட்டிய சுவர் நுண்ணோக்கிச் சோதனைக்காகக் கண்டிப்பாகப் பத்தாலஜிக்குப் போக வேண்டும்.

வேறு சில

தேன்கூடு மாதிரி பல அறைகளும் இடையே தடித்த தடுப்புகளும் இருந்தால் மீசன்கைமல் ஹமார்ட்டோமாவை நினையுங்கள். புற்றுநோய் அல்ல, ஆனால் நீர் சேர்ந்து வேகமாகப் பெரிதாகலாம். பின்னாளில் அரிதாகப் புற்றாக மாறியதும் உண்டு. அதனால் முழுமையாக அகற்றுவதே முறை. கல்லீரலின் நான்காம் பகுதியில், மேற்பரப்பை ஒட்டி, கலங்கலான நீரோடு இருப்பது, கருவின் முன்குடல் திசுவிலிருந்து வரும் முன்குடல் வகைக் கட்டியாக இருக்கலாம். பெரியவர்களில் அது புற்றாக மாறிய நிகழ்வுகள் உள்ளதால் எடுத்துவிடுவதையே நானும் விரும்புகிறேன்.

பல நீர்க்கட்டிகள் இருந்தால் சிறுநீரகங்களைப் பாருங்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உண்டா என்று கேளுங்கள், மரபணு ஆலோசனைக்கு அனுப்புங்கள்.

பிறந்தபோது இல்லாத கட்டி, தீவிர சிகிச்சைப் பிரிவில் தொப்புள் வழியாகக் குழாய் போட்ட குழந்தைக்குப் புதிதாகத் தோன்றினால், முதலில் குழாயின் முனை எங்கே இருக்கிறது என்று எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் பாருங்கள். முனை கல்லீரலுக்குள் போயிருந்தால் சிரை வழி ஊட்டத் திரவம் அங்கே கசிந்து தேங்கும். குழாயை எடுத்துவிட்டால் பெரும்பாலும் வாரக்கணக்கில் கரைந்துவிடும். காய்ச்சலும் இருந்தால் சீழ்க்கட்டி என்று எடுத்துக்கொண்டு சிகிச்சை தர வேண்டும்.

வீட்டில்

தாய்ப்பால் வழக்கம்போல். தடுப்பூசிகள் அதனதன் நாளில். குளிப்பாட்டலாம், தூக்கலாம், தோளில் சாய்க்கலாம். வயிற்றை அழுத்தித் தேய்ப்பது மட்டும் வேண்டாம். வயிறு திடீரென்று இறுகுதல், பச்சை வாந்தி, வெளிறிப் போதல், இடைவிடாத அழுகை, மூச்சு வேகமாகுதல் ஆகியவற்றில் எது வந்தாலும் அடுத்த ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். பித்தநாள அறுவை சிகிச்சை ஆன குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் அது பித்தநாளத் தொற்று இல்லை என்று நிரூபணமாகும்வரை தொற்றுதான். அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.

எல்லா ரிப்போர்ட்டுகளையும் தேதி வரிசையில் ஒரே ஃபைலில் வையுங்கள், ஸ்கேன் படங்களின் டிஜிட்டல் நகலும் வேண்டும். முதல் பக்கத்தில் கட்டியின் இடம், பிறந்தபோது இருந்த அளவு, டைரக்ட் பிலிருபின், பித்தப்பை இயல்பாக இருந்ததா என்ற நான்கையும் எழுதிவிடுங்கள். பத்து வயதில் வேறு காரணத்துக்காக ஸ்கேன் எடுக்கும்போது யாராவது இதைப் புதிய கட்டி என்று நினைத்து, ஒட்டுண்ணிக் கட்டியாக இருக்குமோ என்று முதலிலிருந்து சோதனைகளைத் தொடங்குவார்கள். அந்த முதல் பக்கத்தை அவர்களிடம் காட்டுங்கள்.